இளையோர் ரக்பியில் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் பேச்சு: புகார் முதல் தண்டனை வரை

ஆட்டம் முடிந்து இரு அணிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கைகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கேப்டன் உங்களிடம் வந்து, “சார், அவங்க ஏழாம் நம்பர் நம்ம பையனை ரொம்ப அசிங்கமா ஒரு வார்த்தை சொன்னான்” என்கிறான். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. கிளப்பிலோ பள்ளியிலோ டீம் மேனேஜர், கோச், ஒழுங்குப் பொறுப்பாளர் என்று ஏதாவது ஒரு வேலையைப் புதிதாகத் தலையில் ஏற்றிக்கொண்டவர்களை மனதில் வைத்து எழுதியது.

இந்த மாதிரிப் புகார்கள் பாதியிலேயே படுத்துவிடுவதற்கு விதியில் குறை ஒன்றும் இல்லை. சொன்ன வார்த்தையைச் சொன்னபடி யாரும் எழுதி வைக்காததுதான் பெரும்பாலும் காரணம். நேரமில்லாதவர்கள் 3-ஆம் படியையாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. எந்த விதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

உலக அளவில் ரக்பியை நடத்தும் அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் ஆட்ட விதி 9.12-தான் அடிப்படை. ஆட்டக்காரர் யாரையும் உடலாலோ வாயாலோ தாக்கக்கூடாது என்கிறது அது. வாயால் தாக்குவதற்கு உதாரணம் சொல்லும்போது மதம், இனம், நிறம் ஆகியவற்றோடு பாலியல் ஈர்ப்பையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே, “இது சும்மா கெட்ட வார்த்தைதானே” என்று யாராவது சொன்னால் விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினால் போதும்.

விதியில் உள்ள ‘யாரையும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிரணி ஆட்டக்காரர், நடுவர், பார்வையாளர் எல்லோரும் அதில் அடக்கம். சொந்த அணிக்காரனும் அடக்கம். பந்தைத் தவறவிட்ட தன் அணிப் பையனைத் திட்டியதும் இதே விதியில்தான் வரும்.

தண்டனை அளவு வேர்ல்ட் ரக்பியின் ஒழுங்குமுறை 17-இன் பட்டியலில் இருக்கிறது. 9.12-இன் கீழ் வாய்ப்பேச்சுக் குற்றத்துக்குக் கீழ்நிலை 6 வாரம், நடுநிலை 12 வாரம், மேல்நிலை 18 வாரமும் அதற்கு மேலும். உச்சவரம்பு 52 வாரம். இவை பெரியவர்களையும் மனதில் வைத்துப் போட்ட எண்கள். பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு, அந்தந்த நாட்டிலோ பகுதியிலோ ரக்பியை நடத்தும் யூனியன்கள் தனி நடைமுறை வைத்திருப்பது வழக்கம். ஆகவே முதல் வேலையாக உங்கள் யூனியனின் இணையதளத்தில் இந்தப் பருவத்துக்கான வயதுப்பிரிவு ஒழுங்கு விதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடப் பிரதியை நம்பிக் கடிதம் எழுதி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

கோட்டுக்கு வெளியே நின்று கத்திய அப்பாவையோ கோச்சையோ 9.12-இல் பிடிக்க முடியாது; அது ஆட்டக்காரருக்கான விதி. அவர்களைத் தவறான நடத்தை பற்றிய ஒழுங்குமுறை 20-இலும் உங்கள் கிளப்பின் நடத்தை விதியிலும் கொண்டுவர வேண்டும். இரண்டையும் ஒரே புகாரில் கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து தேங்கிவிடும்.

2. மைதானத்தில்: நடுவர் காதில் விழுந்ததா?

விழுந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பெனால்ட்டி கொடுப்பார், மஞ்சள் அட்டை காட்டினால் 10 நிமிடம் வெளியே, சிவப்பு காட்டினால் ஆட்டம் அதோடு சரி. சிவப்பு அட்டை வாங்கிய பையன் விசாரணை முடியும்வரை வேறெந்த ஆட்டத்திலும் இறங்கக்கூடாது. மறுநாள் பள்ளி அணிக்கு ஆட்டம் இருக்கிறது என்று இறக்கிவிட்டால் அது தனிக் குற்றம். அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

விழவில்லை என்றால் உங்கள் கேப்டன் அடுத்த நிறுத்தத்திலேயே நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2015-இல் சிட்னியில் ஆஸ்திரேலியத் தொழில்முறை அணிகளான வாரடாஸ், பிரம்பீஸ் மோதிய ஆட்டத்தில் வாரடாஸின் ஜாக் போட்ஹீட்டர் இப்படிப் பேசியபோது, எதிரணியின் டேவிட் போகாக் ஆட்டத்துக்கு நடுவிலேயே நடுவரிடம் எடுத்துச் சொன்னார். பிற்பாடு விசாரணை நடந்து அபராதமும் விழுந்தது. தான் கேட்காத வார்த்தைக்கு நடுவர் அட்டை காட்ட மாட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் நேரத்தைக் குறித்துக்கொள்வார், இரு கேப்டன்களையும் கூப்பிட்டு எச்சரிப்பார், அறிக்கையில் ஒரு வரி எழுதுவார். பின்னால் உங்கள் புகாரைத் தாங்கி நிற்கப்போவது அந்த ஒரு வரிதான்.

புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பிள்ளைகள் ஆட்டத்தில் கோட்டோரம் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு கிளப்பின் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பார். அவர் கோட்டு நடுவர். பந்து வெளியே போனதா, உதை கம்பத்துக்குள் போனதா என்று காட்டுவதோடு அவர் அதிகாரம் முடிந்தது. விதிமீறலைக் கொடியசைத்துச் சொல்லும் அதிகாரம் முறையாக நியமிக்கப்பட்ட உதவி நடுவருக்கு மட்டுமே. கொடி பிடித்த அப்பா காதால் கேட்டிருந்தாலும் அதை வைத்து அட்டை காட்ட முடியாது. ஆனால் அவர் நல்ல சாட்சி. அவரை வீட்டுக்கு அனுப்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள்

‘தகாத சொற்களால் திட்டினார்’ என்று வரும் புகாரை வைத்து விசாரணைக் குழு ஒன்றும் செய்ய முடியாது. தகாத சொல் எது? அம்மாவை இழுத்ததா, சாதியைச் சொன்னதா, பாலியல் ஈர்ப்பைச் சொன்னதா? ஒவ்வொன்றும் வேறு எடை. எழுதக் கூச்சமாக இருந்தாலும் வார்த்தையை முழுதாக எழுத வேண்டும். முதலெழுத்துப் போட்டுப் புள்ளி வைத்தால் எதிர்த்தரப்பு அந்தப் புள்ளியில் வேறு சொல்லை நிரப்பிக் காட்டும்.

வார்த்தை மட்டும் போதாது, வாக்கியமும் வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்க்ரம்-ஹாஃப் என்ற இடத்தில் ஆடுபவர் போடும் சட்டை எண் 9. “ஒம்பதைப் பிடி, ஒம்பதைப் பிடி!” என்று தடுப்பாட்டக்காரர்கள் ஆட்டம் முழுக்கக் கத்துவார்கள்; அதில் தப்பே இல்லை. அதே பையனைத் தரையில் சாய்த்துவிட்டு முகத்துக்கு நேராகக் குனிந்து, “எந்திரிடா ஒம்போது” என்றால் அது வேறு. எண் அதேதான்; யாரைப் பார்த்து, எந்த நிலையில், எந்தத் தொனியில் சொன்னான் என்பதுதான் குற்றத்தைத் தீர்மானிக்கிறது. சட்டை எண் 9 இல்லாத ஒருவனைப் பார்த்துச் சொன்னதென்றால் அதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்த ஒரு தகவலிலேயே ‘சட்டை எண்ணைத்தான் சொன்னேன்’ என்ற வாதம் விழுந்துவிடும்.

ஒவ்வொரு சாட்சியின் தாளிலும் இவை இருக்க வேண்டும்:

- ஆட்டம், தேதி, மைதானம், வயதுப்பிரிவு
- எத்தனையாவது நிமிடம், அப்போது ஸ்கோர் என்ன
- சொன்னவரின் சட்டை எண், சொல்லப்பட்டவரின் சட்டை எண்
- சொன்ன வாக்கியம், சொன்ன மொழியிலேயே, மேற்கோள் குறிக்குள்
- சாட்சி எவ்வளவு தூரத்தில் நின்றார், யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்
- அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது; தள்ளுமுள்ளு, பதில் பேச்சு உட்பட
- எழுதிய நேரம், கையெழுத்து

நிமிடம் நினைவில்லை என்றால் ‘இரண்டாம் பாதி, எங்கள் இரண்டாவது டிரைக்குப் பிறகு வந்த ஸ்க்ரம்’ என்று அடையாளம் சொன்னாலும் சரி. விசாரணைக் குழுவில் இருப்பவருக்கு அந்த மொழி தெரியாது என்றால் கீழே பொருளை எழுதுங்கள். அந்தச் சொல் பேச்சுவழக்கில் யாரைக் குறிக்கும், எப்படி இழிவாகப் பயன்படுகிறது என்று இரண்டு வரி போதும். பொருள் எழுதுபவர் இரு அணியையும் சேராதவராக இருந்தால் நல்லது.

தாள்களை அன்றைக்கே, மைதானத்தை விட்டுப் போவதற்குள் வாங்குங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். நான்கு பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து எழுதச் சொன்னால் நான்கு தாளிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு வரும். அதைப் பார்க்கிற எந்தக் குழுவும் ‘சொல்லிக்கொடுத்து எழுதியது’ என்றுதான் நினைக்கும், சம்பவம் உண்மையாகவே நடந்திருந்தாலும்.

வீடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். யாராவது ஒரு பெற்றோர் எடுத்திருப்பார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், காற்றிரைச்சலில் பேச்சு இன்னும் மங்கிவிடும். அசல் கோப்பை அப்படியே டிரைவ் இணைப்பாகவோ பென்டிரைவிலோ வாங்குங்கள். வெட்டிச் சுருக்கிய 6 விநாடித் துண்டை மட்டும் கொடுத்தால் முன்னால் நடந்ததை மறைத்தீர்கள் என்ற பழி வரும். சொல் கேட்காவிட்டாலும் யார் எங்கே நின்றார்கள், சொன்னதும் மற்றவன் எப்படித் திரும்பினான் என்பது தெரியும். அதற்கும் மதிப்பு உண்டு.

4. பிள்ளைகளிடம் பேசும்போது

18 வயதுக்குக் கீழே என்றால் தனியாக அறைக்குள் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். பெற்றோரோ பாதுகாவலரோ, அவர்கள் வரும்வரை கிளப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரோ உடன் இருக்க வேண்டும். சொன்னவன், கேட்டவன், சாட்சி மூவருக்கும் இது பொருந்தும்.

சொல்லப்பட்ட பிள்ளையிடம் கேட்கவே கூடாத கேள்வி, ‘நீ நிஜமாகவே அப்படியா?’ என்பது. விசாரணைக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. யாரைச் சொன்னாலும் சொல் சொல்தான்; ‘அவன் அப்படிப்பட்டவன் இல்லையே, அப்புறம் என்ன’ என்பது வாதமாகவே எடுபடாது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது அவன் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில். ஒருவேளை அந்தப் பிள்ளை தன்பாலீர்ப்பு உள்ளவனாகவோ உள்ளவளாகவோ இருந்து, வீட்டில் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். ‘உங்கள் பிள்ளையின் பாலியல் ஈர்ப்பைக் கேலி செய்தார்கள்’ என்று நீங்கள் எழுதும் ஒற்றை வரி அந்த வீட்டில் என்ன கிளப்பும் என்று உங்களுக்குத் தெரியாது. ‘ஆட்டத்தின்போது எதிரணி ஆட்டக்காரர் பயன்படுத்திய இழிசொல் தொடர்பாக’ என்று எழுதுங்கள். வேறு என்ன சொல்லலாம், யார் சொல்வது என்பதை முதலில் பிள்ளையிடமே கேளுங்கள்.

அங்கேயே இருவரையும் கூப்பிட்டு, “மன்னிப்புக் கேளுடா, கைகொடு, முடிஞ்சுது” என்று முடித்துவைக்கப் பார்க்காதீர்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் எல்லோர் முன்னாலும் கைகொடுக்க நிற்கவைக்கப்பட்ட பிள்ளைக்கு ‘பரவாயில்லை’ என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை; அந்தப் ‘பரவாயில்லை’ நாளை விசாரணையில் எதிராகத் திரும்பும். அணியின் வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு வேண்டாம். பெயர், சட்டை எண், வீடியோ எதுவும் அங்கே போகக்கூடாது என்று அன்று மாலையே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

5. புகாரை அனுப்புதல்: காகிதம், கெடு, செலவு

அனுப்ப வேண்டியவை: ஒரு பக்க முகப்புக் கடிதம் (விதி எண்ணோடு), சாட்சித் தாள்கள், நடுவர் அறிக்கையின் நகல், இரு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியல், வீடியோ இணைப்பு. சட்டை எண்ணை ஆளோடு பொருத்த அந்தப் பட்டியல் கட்டாயம். இளையோர் ஆட்டத்தில் இடைவேளையில் சட்டை மாற்றிக்கொள்வது சகஜம். மாற்று ஆட்டக்காரர் எப்போது இறங்கினார் என்பதையும் குறியுங்கள். தவறான பையன் மேல் புகார் போவது எதனால் என்று பார்த்தால் பெரும்பாலும் இதனால்தான்.

நடுவர் அறிக்கை தானாக உங்களிடம் வராது. யூனியனிடம் கேட்டு வாங்க வேண்டும். நடுவரையே போனில் கூப்பிட்டு, ‘இப்படி எழுதுங்கள்’ என்று கேட்டுவிடாதீர்கள்.

கெடு யூனியனுக்கு யூனியன் வேறு. சில போட்டிகளில் நாள் கணக்குகூட இல்லை, மணிக்கணக்குதான். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு இரவுக்குள் அனுப்பிவிடுவது என்று வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். முழுக் காகிதமும் சேரவில்லை என்றால் முகப்புக் கடிதத்தை மட்டும் கெடுவுக்குள் அனுப்பி, ‘சாட்சித் தாள்கள் பின்வரும்’ என்று எழுதுங்கள். கெடு தாண்டிய முழுக் கோப்பைவிடக் கெடுவுக்குள் போன அரைக்கோப்பு மேல்.

காணொளி அழைப்பில் விசாரணை நடந்தால் பெரிய செலவு இல்லை. நேரில் என்றால் பிள்ளையோடு ஒரு பெற்றோரும் ஒரு கிளப் ஆளும் போக வேண்டும்; மூன்று பேர் பயணச் செலவை யார் தருவது என்று கிளப் குழுவில் முன்கூட்டியே பேசி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்லும் யூனியன்களும் உண்டு, அதையும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. விசாரணையில் நடப்பது

மூன்று பேர் கொண்ட குழு உட்காருவது பொதுவான வழக்கம். இது குற்றவியல் நீதிமன்றம் மாதிரி இல்லை. துளி சந்தேகம் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று குழுவுக்குத் தோன்றினால் போதும். சிவப்பு அட்டை காட்டப்பட்ட வழக்கில் நடுவர் தவறு செய்தார் என்று காட்ட வேண்டியது பையனின் தரப்பு. அட்டை இல்லாமல் புகாராகப் போனால் நிரூபிப்பது புகார் தரும் தரப்பின் பாடு. இந்த வித்தியாசம் தெரியாமல், ‘அவன்தான் சொல்லவில்லை என்று நிரூபிக்கட்டும்’ என்று கைவீசிக்கொண்டு வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

உங்கள் பையன் மேல்தான் புகார் என்றால்: சொன்னது உண்மையானால் முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். எப்போது ஒப்புக்கொண்டான் என்பதையும் சேர்த்துத்தான் குழு எடை போடும். வீடியோவைப் போட்டுக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டால் அதற்கு மதிப்புக் குறைவு. நீங்கள் எழுதிக்கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை அவன் படித்தால் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும். அவன் சொந்த எழுத்தில், கோணல்மாணலாக, நான்கு வரி இருந்தால் போதும். ‘யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்ற வாக்கியம் மட்டும் அதில் வேண்டாம்.

7. வாரக் கணக்கு

குழு மூன்று படியாகக் கணக்குப் போடும். முதலில் செயலின் கடுமை: வேண்டுமென்றே சொன்னதா, தூண்டப்பட்டுச் சொன்னதா, கேட்டவரை எப்படிப் பாதித்தது, கேட்டவர் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தாரா, ஆட்டத்தை எப்படிப் பாதித்தது. இதை வைத்துக் கீழ், நடு, மேல் என்று தொடக்க அளவு முடிவாகும். அடுத்து, அளவைக் கூட்டும் காரணங்கள்: பழைய குற்றப் பதிவு, மற்றவர்களுக்கு எச்சரிக்கை தேவைப்படுகிற சூழல். கடைசியாகக் குறைக்கும் காரணங்கள்: ஒப்புக்கொண்டது, சுத்தமான பதிவு, வருத்தம், விசாரணையில் நடந்துகொண்ட விதம், இளவயதும் அனுபவமின்மையும். சாதாரணமாகத் தொடக்க அளவில் பாதிக்கு மேல் குறைக்க மாட்டார்கள்.

16 வயதுப் பையன், ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளில்) கோபத்தில் ஒரு தடவை சொன்னான், உடனே ஒப்புக்கொண்டான், முதல் தடவை என்றால்: 6-இல் தொடங்கி 3 வாரம் வரை இறங்கலாம். அதே வார்த்தையை ஆட்டம் முழுக்க ஒரே பிள்ளையைக் குறிவைத்துச் சொல்லி, அந்தப் பிள்ளை ஆட்டத்தை விட்டே வெளியேறியது என்றால்: 12-இலோ அதற்கு மேலோ தொடங்கும்; ஒப்புக்கொண்டாலும் 6 வாரத்துக்குக் கீழே வருவது கடினம். தொழில்முறை ஆட்டத்தோடு ஒப்பிட வேண்டுமானால், 2018-இல் இங்கிலாந்தில் சேல் ஷார்க்ஸ் அணியின் டென்னி சொலொமோனா இவ்வகைப் பேச்சுக்கு 4 வாரம் வெளியே உட்கார்ந்தார்.

வாரம் என்பது நாட்காட்டி வாரம் இல்லை. ஆட்டம் இல்லாத விடுமுறை வாரங்களைக் கழித்துத் தடையைத் தீர்த்துவிட முடியாது. அந்தப் பையன் உண்மையிலேயே ஆடியிருக்கக்கூடிய ஆட்டங்களை இழக்க வேண்டும். ஆகவே கிளப், பள்ளி, மாவட்டம், செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) என்று அவன் பெயர் இருக்கும் எல்லா அணிகளின் ஆட்ட அட்டவணையையும் விசாரணைக்குக் கொண்டுபோங்கள். தடை எல்லா அணிக்கும் சேர்த்துத்தான். ஆட்ட நாளில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவதும் பங்கேற்புதான். ‘சும்மா உதவிக்கு வந்தான்’ என்று விடாதீர்கள்.

அபராதம் பற்றி ஒரு வார்த்தை. போட்ஹீட்டருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் விதித்து, அதில் பாதியை நிறுத்தி வைத்தார்கள். அவர் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர். பிள்ளைகளுக்கு அபராதம் போட்டால் அப்பா பணம் கட்டுவார், பையன் சனிக்கிழமை ஆடுவான். கிளப் அளவில்கூட அந்த வழியை எடுக்காதீர்கள்.

8. தடைக்காலத்தில் என்ன செய்வது

‘ஒரு விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்பிவிடலாம்’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஆஸ்திரேலியாவில் இளம் ரக்பி வீரர்களிடையே இதைச் சோதித்தே பார்த்தார்கள். தொழில்முறை வீரர்களே வந்து பேசினார்கள். இழிசொல் புழக்கம் குறையவில்லை. பிள்ளைகளுக்குத் தன்பாலீர்ப்பாளர் மேல் வெறுப்பு இருந்து அந்தச் சொல் வருவதில்லை, கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதால் வாயில் வருகிறது என்பதே அந்த ஆய்வாளர்கள் கண்டது.

அப்படியென்றால் தண்டனை பெற்ற ஒருவனை மட்டும் வகுப்புக்கு அனுப்பிப் பயனில்லை. பயிற்சியில் அந்தச் சொல் வரும் ஒவ்வொரு முறையும் விசில் அடித்துப் பயிற்சியை நிறுத்த வேண்டும். இதைச் செய்ய கோச்சைவிட கேப்டன் பொருத்தமானவர். “நம்ம டீம்ல அந்த வார்த்தை வேண்டாம்” என்று ஒரே வரி, பிரசங்கம் வேண்டாம். கோச்சும் தன் வாயைக் கவனிக்க வேண்டும். மெதுவாகத் தடுத்தவனை, “என்னடா பொட்டை மாதிரி மோதுறே” என்று அதட்டும் கோச்சின் அணியில் எந்த வகுப்பும் எடுபடாது.

தடை பெற்றவனை மைதானப் பக்கமே வராதே என்று விரட்டிவிடாதீர்கள். விதி அனுமதிக்கும் அளவுக்குப் பயிற்சிக்கு வரட்டும்.

9. முடிவு வந்த பிறகு

எழுத்து வடிவத் தீர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்; போனில் சொன்னது போதாது. மேல்முறையீட்டுக் கெடு தீர்ப்பு கைக்கு வந்த நேரத்திலிருந்தா, விசாரணை முடிந்த நேரத்திலிருந்தா என்று பாருங்கள். தண்டனை அதிகம் என்று தோன்றுவது மட்டும் காரணமாகாது. குழு எந்த இடத்தில் விதியைத் தவறாகப் பொருத்தியது என்று சுட்டிக்காட்ட வேண்டும். சில இடங்களில் மேல்முறையீட்டில் தண்டனை கூடவும் செய்யலாம்.

சொல்லப்பட்ட பிள்ளையின் கிளப்புக்கும் முடிவு போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். புகார் கொடுத்தவர்கள் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது நடக்கிறது. அடுத்த முறை அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

கோப்பைப் பூட்டி வையுங்கள். டீம் மேனேஜரின் போனில் கிடக்கும் சாட்சித் தாள் படங்களை அழித்துவிடுங்கள். தடை முடிந்து ஆடக்கூடிய முதல் தேதியை யூனியனிடம் எழுத்தில் வாங்கி, அந்தப் பையன் ஆடும் எல்லா அணியின் மேனேஜருக்கும் அதே தேதியை அனுப்புங்கள். ஒரு வாரம் முன்னதாக இறக்கிவிட்டால் அந்த ஆட்டத்தின் புள்ளிகளும் போகலாம், தடையும் நீளலாம்.